தூங்க அனுமதி

இரவு பதினொன்றே காலுக்கு முதல் தடவை.
டிங் டொங் என்று ஏறி வர வேண்டிய ஒலி
டொங் டிங் என்று இறங்கிப் போனது.

எடைமேடையில் மாதப்பன் லாரி.
போச்சம்பள்ளித் தோப்புக் காய், அத்தனையும் பெங்களூரா,
கூழ் ஃபேக்டரிக்கு.
சன்னலோரப் பெட்டியில் சிவப்பு எண்கள் எரிகின்றன:
பதினான்காயிரத்து இருநூற்று அறுபது கிலோ.
எனக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரிகிறது.
டியூப்லைட்டில் முட்டும் ஈசலுக்குத் தெரிகிறது.
கம்ப்யூட்டர் மட்டும் சொல்கிறது,
யூஎஸ்பி சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை.

"கையில எழுதித் தரட்டுமா?"
"கைச்சீட்ட கேட்லயே கிழிச்சுப் போடுவாங்க மேடம்."
பீடி பற்றவைத்து டயர்மேல் சாய்ந்துகொண்டார்.
அவருக்குப் பின்னால் காவேரிப்பட்டணம் ரோட்டில்
இன்னும் இரண்டு ஜோடி ஹெட்லைட்.

கழற்றினேன், மாட்டினேன்.
நேராகப் போகாது. திருப்பினால் போகாது.
முதலில் வைத்தபடியே மறுபடி வைத்தால் போகும்,
அது ஏன் என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.
முன்பக்கம் இரண்டு போர்ட். ஒன்றில்
ஓனர் முனிரத்தினம் போனைச் சொருகிச் சொருகி
உள்நாக்கு ஆடுகிறது, விழப்போகும் பால்பல் போல.
பின்பக்கம் நான்கு. மேசைக்கடியில் தவழ்ந்து
செல்போன் டார்ச்சைப் பல்லில் கவ்விப் பார்த்தேன்:
கிரானைட் தூள்.
இந்தப் பக்கம் தயிரில்கூட ஒரு சிட்டிகை இருக்கும்.
ஊதினேன். முழுக்க என் கண்ணில்.

அதே போர்ட்டில் மவுஸைப் போட்டேன், அம்பு ஓடியது.
ஆக, போர்ட் சாகவில்லை.
டிராயரிலிருந்து வேறு கேபிள். அதுவும் டொங் டிங்.
டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம்,
நடுவே ஓர் ஆச்சரியக்குறி.
ஆச்சரியப்பட வேண்டியவள் நான் அல்லவா.

கடைசியாக, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப்
பவர் பட்டனை முப்பது எண்ணும்வரை அழுத்தினேன்.
உள்ளே தேங்கிய கரண்ட் வடியுமாம்.
இருபத்தாறில் மாதப்பன் இருமினார். விடவில்லை.
திரும்பப் போட்டதும்
டிங் டொங்.
சீட்டு விழுந்தது. லாரி போனது. பின்னால் நின்ற இரண்டும்
வரிசையாக ஏறி, சீட்டு வாங்கி, இறங்கின.
ஜெயித்துவிட்டேன் என்று பிளாஸ்க்கைத் திறந்தேன்.

ஒன்றே காலுக்கு பர்கூர்க் கல் டிரெய்லர். டொங் டிங்.
மறுபடி பிளக், மறுபடி முப்பது.
இரண்டரைக்குத் தக்காளி வண்டி, ராயக்கோட்டையிலிருந்து.
டொங் டிங்.
அட்டைப்பெட்டி மூடியில் நேரங்களை எழுதிப் பார்த்தேன்.
அடுத்தடுத்து வண்டி வந்தால் ஒன்றும் ஆவதில்லை.
ஒரு மணி நேரம் ஆளில்லாமல் கிடந்தால்தான்,
அப்புறம் வருகிற முதல் வண்டிக்குத்தான்.

அப்போது உறைத்தது.
யூஎஸ்பி ரூட் ஹப். வலது கிளிக். பண்புகள்.
கடைசித் தாவலில் ஒரே ஒரு வரி:
மின்சாரம் சேமிக்க, இந்தச் சாதனத்தை
அணைத்துவைக்கக் கம்ப்யூட்டருக்கு அனுமதி உண்டு.
பக்கத்தில் சின்னதாக ஒரு டிக்.
வாங்கி வந்த நாள் முதல் இருந்திருக்கும்.
ஆள் வராத நேரத்தில் கொஞ்சம் கண்ணசர
யாரோ முன்னாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்,
இந்த அறையில் ஒருவருக்கு.

டிக்கை எடுத்தேன்.
ஐந்து ஹப், ஐந்து டிக். ஒவ்வொன்றாக.
நான்காவதில் கை கொஞ்சம் நின்றது.

மூன்றே முக்காலுக்கு மாதப்பன் திரும்பினார்,
வெறும் வண்டி எடை போட.
இடையில் ஒரு வண்டியும் வந்திருக்கவில்லை.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
ஐயாயிரத்து நூற்று நாற்பது.
திரையிலும் அதே. பிரிண்டர் கரகரத்தது.

"என்னாச்சு மேடம் அப்போ?"
"தூங்கிடுச்சு."
"யாரு?"
கம்ப்யூட்டரைக் காட்டினேன்.
அவர் சிரித்து, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்து,
தலைக்குமேல் இருக்கும் கேமராவை ஒரு பார்வை பார்த்தார்.
அதன் சிவப்புப் புள்ளி
ஓனர் வீட்டுப் போனில் இந்நேரம் தெரிந்துகொண்டிருக்கும்.

லாரி போன பிறகு மேடை மெல்ல ஆடி நின்றது.
பூஜ்யம். பூஜ்யம். இருபது கிலோ. பூஜ்யம்.
ஏதோ ஒரு நாய் குறுக்கே போயிருக்கும்.